சிவப்பு நூல் கட்டிய வயர்

கெசியா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. அவள் கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் வேலை செய்கிறாள் என்று மாமியார் லில்லி டீச்சர் வாயைத் திறந்து கேட்டது அந்த வியாழக்கிழமை காலையில்தான். கேட்டதும் அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்த கறுப்பு வயர்களை ஒரு பக்கமாக ஒதுக்கினாள், நாற்காலியை முந்தானையால் துடைத்தாள், "உக்காருங்க அத்தை, சொல்லுதேன்" என்றாள். பாவம், அன்பில் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

லில்லி டீச்சர் அன்பில் எதையும் கேட்கிற ஆள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி. தாத்தா உபதேசியார், அப்பா தலைமையாசிரியர் என்று நான்கு தலைமுறையை விரல் விட்டுச் சொல்லுவாள். ஒரே மகன் எபி. ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். அவன் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் கெசியா, விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்த இஸ்ரவேலின் மகள். நாலு பேர் முன்னால் லில்லி டீச்சர் "எங்க கெசியா" என்பாள். மனசுக்குள் அவளுக்கு அந்தப் பெண் எப்போதும் மில்லுக்காரன் மகள்தான்.

புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது எபி ஒரு செய்தி சொல்லியிருந்தான். ஹைதராபாத்தில் சினிமாவுக்குக் கிராபிக்ஸ் செய்கிற ஒரு பெரிய ஸ்டூடியோ கெசியாவுக்கு ஒரு பரீட்சை வேலை கொடுத்திருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வருகிற மாதிரி ஒரு காட்சி. மூன்று மாசமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். திங்கட்கிழமைக்குள் முழுசாக முடித்து அனுப்பினால் வேலை அநேகமாக நிச்சயம். இரண்டு பேருமாக ஹைதராபாத் போய்விடுவார்கள். எபி காலேஜில் ராஜினாமாவே எழுதிக் கொடுத்துவிட்டான். "நீங்களும் வாங்கம்மா" என்றான், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிற விருந்தாளியைக் காபி சாப்பிட்டுப் போகச் சொல்கிற மாதிரி. லில்லி டீச்சர் "கர்த்தர் சித்தம்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். மறுநாள் காலையில் மருமகளின் வேலையைப் பற்றி விசாரிக்க வந்துவிட்டாள்.

கெசியா ஒன்று விடாமல் சொன்னாள். வெள்ளத்துத் தண்ணீரைக் கணக்குப் போட்டு வரைய பழைய கிராபிக்ஸ் கார்டுக்குத் தெம்பில்லை. அதற்காகத்தான் அவள் அப்பா மில் கணக்கு முடித்தபோது வந்த பணத்தைக் கொடுத்து இந்தப் புது கார்டை வாங்கச் சொன்னார். புது கார்டு மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். ஆகையால் பவர் சப்ளையும் புதுசு. வேறு கம்பெனி. சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகிற வயர்கள் அதிலேயே பதிந்திருக்கும். கார்டுக்கும் டிஸ்க்குக்கும் போகிற வயர்கள் மட்டும் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி வரும்.

"இங்கன பாருங்க அத்தை. இது பழைய சப்ளை வயரு, இது புதுசு. ரெண்டும் கறுப்பு, ரெண்டுலயும் எட்டு பின். கார்டுல சொருகுத முனை எல்லா கம்பெனிக்கும் ஒண்ணுதான். சப்ளைல சொருகுத முனைலதான் வினையே இருக்கு. எதை எதுல சொருகினாலும் அழகா போயி உக்காந்துரும். ஆனா உள்ள கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற."

"அப்போ பிளஸ் மைனஸ் மாறிப் போயிரும்?" என்றாள் லில்லி டீச்சர்.

கெசியா கைதட்டாத குறை. "சயின்ஸ் டீச்சர்லா! இதை எபிக்கு நாலு தடவை சொல்லியும் மண்டையில ஏறல."

"மாறுனா என்ன ஆகும்?"

"கார்டு போயிரும். டிஸ்க்கும் போயிரும். கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள எல்லாம் கரிதான்."

பழைய வயர்களைத் தூக்கிப் போடவும் முடியாது. பழைய சப்ளையை வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற முகம்மது இப்ராஹிம் பாய் வயரோடு சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கலந்துவிடாமல் இருக்க ஓர் அடையாளம் வேண்டும். கெசியா, "அத்தை, உங்க தையல் பெட்டியில நூல் இருக்குமா?" என்று கேட்டாள். லில்லி டீச்சர் சிவப்பு எம்ப்ராய்டரி நூலை எடுத்துக் கொடுத்தாள். பழைய வயர் ஒவ்வொன்றிலும் அதைக் கட்டி முடிச்சுப் போட்டாள் கெசியா. "சிவப்பு கட்டுனது பழசு. அதைத் தொடவே கூடாது" என்று தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள். பழசை ஒரு கவரிலும் புதுசை ஒரு கவரிலுமாக அலமாரியில் வைத்தாள்.

"சனிக்கிழமை காலையில ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணித்தான் ஆரம்பிக்கணும்" என்றாள் லில்லி டீச்சர். சபைக் குருவானவரை இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டில் கிரைண்டர் வாங்கினாலும் ஸ்கூட்டர் வாங்கினாலும் ஐயர் வந்து ஜெபம் பண்ணாமல் யாரும் சுவிட்சைத் தொட்டது கிடையாது. இதைச் சொன்னபோது லில்லி டீச்சரின் மனசில் விகற்பம் எதுவும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பழக்கத்தில் சொன்னாள். கெசியாவும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். தன் அப்பாவையும் வரச் சொல்லலாமா என்று கேட்டாள். "கேக்கணுமா? வரச் சொல்லு" என்றாள் லில்லி டீச்சர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெசியா அப்பாவைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். எபி காலேஜில். வெயில் தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை. லில்லி டீச்சர் அலமாரியைத் திறந்து இரண்டு கவரையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

ஆத்திரத்தில் செய்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆத்திரக்காரி கையில் முடிச்சு இவ்வளவு சுத்தமாக அவிழாது. சிவப்பு நூலை ஊசி முனையால் நெகிழ்த்திப் பைய உருவினாள். உருவிய நூலைப் புது வயர்களில் கட்டினாள். கெசியா போட்ட மாதிரியே இரட்டை முடிச்சு, அதே இடத்தில், அதே நீளத்துக்கு வால் விட்டு. வயர்களைக் கவர் மாற்றிப் போட்டாள். அப்புறம் கண்ணை மூடி, "ஆண்டவரே, அந்தப் பிள்ளை போகணும்ங்கது உமக்குச் சித்தம்னா அவ கண்ணுல இதைக் காட்டிக் குடுத்துரும்" என்று ஜெபித்தாள். செய்வதையும் செய்துவிட்டு, பழியில் பாதியைக் கடவுளின் தலையில் கட்டுகிற ஜெபம். கவர்களை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவி, முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றி வயிறாரச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் கெசியா தரையில் பாயை விரித்து உட்கார்ந்து புது சப்ளையையும் புது கார்டையும் மாட்டினாள். இஸ்ரவேல் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஸ்குரூ கேட்டால் ஸ்குரூவை இரண்டு கையாலும் நீட்டினார். லில்லி டீச்சர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வேதாகமத்தை மடியில் வைத்திருந்தாள். பக்கம் புரளவில்லை.

நூல் கட்டாத கவரிலிருந்து வயரை எடுத்த கெசியா, சொருகப் போனவள் நிறுத்தினாள். விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தாள். "இது இன்னும் கொஞ்சம் நீளமா இருந்த மாதிரி ஒரு ஞாவகம்" என்றாள்.

லில்லி டீச்சர் வேதாகமத்தை மூடினாள். கடவுள் காட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டிய இடம் இதுதான். இந்த மனுஷிக்கு அது தோன்றவில்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போடுகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில், "அடையாளம் கட்டி வச்சதே நீதான? பொறவு ஏன் சந்தேகப்படுத?" என்றாள்.

கெசியா மற்ற கவரை எட்டிப் பார்த்தாள். சிவப்பு நூல் இருந்தது. "அதானே" என்று சிரித்து, வயரைச் சப்ளையில் சொருகினாள். கிளிக்கென்று போய் உட்கார்ந்தது.

அவள் கெட்டிக்காரி. அதோடு விட்டுவிடவில்லை. "அத்தை, டிஸ்க் ரெண்டையும் மாட்டாம ஒரு தடவை சும்மா ஆன் பண்ணிப் பாத்துக்கிடட்டுமா? எல்லாம் சரியா இருந்தா நாளைக்கு டிஸ்க்கை மாட்டிக்கிடலாம். அதுலதான் என் மூணு மாச வேலை இருக்கு" என்றாள். வேலை ஒரு டிஸ்க்கில் இருந்தது. நகல் இன்னொரு டிஸ்க்கில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கம்ப்யூட்டரை ஓட்டி வெள்ளத்தை வரைவதற்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

"தொடக்கம்னா ஒண்ணுதாம்மா. இன்னைக்கு நீ ஆன் பண்ணிட்டு, நாளைக்கு எதைத் தொடங்கி வைங்கன்னு ஐயர்கிட்ட சொல்லுவ? ஜெபத்தை நாடகம் ஆக்கக்கூடாது."

இஸ்ரவேல் உடனே, "அத்தை சொல்லுதது சரிதானட்டி. எல்லாத்தையும் மாட்டி வையி, நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றார். சம்பந்தி வீட்டில் மகள் எதிர்த்துப் பேசினாள் என்று பேர் வந்துவிடக்கூடாதே என்கிற பயம் அவருக்கு. வேறு எந்த ஊரில், வேறு எந்த வீட்டில் இருந்திருந்தாலும் கெசியா அன்றைக்கே சோதித்துப் பார்த்திருப்பாள். கார்டு போனாலும் வேலை தப்பித்திருக்கும். ஜெபத்துக்கு முன்னால் சுவிட்சைத் தொடாத வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அதே கவரிலிருந்த வயர்களால் இரண்டு டிஸ்க்கையும் மாட்டி மூடியைப் போட்டாள்.

சனிக்கிழமை காலையில் வீடு நிறைந்துவிட்டது. ஐயர் வந்தார், ஐயரம்மா வந்தார்கள், சங்கத்துப் பெண்கள் சிலர் வந்தார்கள். கேசரியும் உளுந்த வடையும் சமையல்கட்டில் தயாராக இருந்தன. இஸ்ரவேல் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, ஐயர் அந்தப் பெட்டியின் மேல் கை வைத்து நீளமாக ஜெபித்தார். இந்தப் பிள்ளையின் கையின் கிரியைகளை ஆசீர்வதியும் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

"எபி, நீ போடு" என்றார் ஐயர்.

"இல்ல ஐயா," என்று கெசியா முன்னால் வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். "எங்க அத்தைதான் போடணும். இந்த வேலையைப் பத்தி என்கிட்ட உக்காந்து கேட்ட ஒரே ஆளு அவங்கதான்." மாமியாரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

இதை லில்லி டீச்சர் எதிர்பார்க்கவில்லை. தூரத்தில் நின்று பார்க்கத்தான் அவள் தயாராக இருந்தாள். விரல் பொத்தானுக்கு முன்னால் நின்றது. அந்த நொடியில் அவளுக்கு ஒரு வழி இருந்தது. தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்திருக்கலாம். எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது, இன்னொரு தரம் வயரைப் பார்த்துவிடு என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். திரும்பிப் பார்த்தாள். இஸ்ரவேல் மட்டும் இன்னும் கண்ணைத் திறக்காமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மகன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, "சிரிங்கம்மா" என்றான். லில்லி டீச்சர் சிரித்துக்கொண்டே அமுக்கினாள்.

பட்டென்று ஒரு சத்தம். பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் ஒரு வெளிச்சம் வந்து போனது. அப்புறம் கருகின நாற்றம். கேசரி வாசனையோடு அது கலந்து வீடு முழுக்கப் பரவியது.

கெசியா பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தாள். வயரைக் கழற்றி முனையை மூக்குக்கு நேராகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து சிவப்பு நூல் கட்டிய வயரை எடுத்து வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இதுதான் புதுசு" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "புதுசுலயா நூலைக் கட்டுனேன்?"

தலையைத் தூக்கி மாமியாரைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. வழி தெரியாதவள் வழி கேட்கிற பார்வை.

"பேசிக்கிட்டே கட்டுனல்லா," என்றாள் லில்லி டீச்சர், பரிவாக. "கவனம் பிசகிட்டுப் போல."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை கெசியா அப்படியே எடுத்துக்கொண்டாள். ஆமாம், பேசிக்கொண்டேதான் கட்டினேன். ஆமாம், என் கவனம்தான் பிசகிவிட்டது. எபி வந்திருந்தவர்கள் முன்னால் வைத்தே கத்தினான். "நாலு தடவை எனக்குப் பாடம் எடுத்தியே! ஒரு வயரைப் பாத்து மாட்டத் தெரியல, நீ ஹைதராபாத்துல போயி கிழிக்கப் போறியா? நான் வேலையை விட்டுட்டு நிக்கேன்!" ஐயர் அவன் தோளைப் பிடித்து அடக்கினார்.

இஸ்ரவேல் எழுந்தார். போன பணத்தைப் பற்றியோ எரிந்துபோன கார்டைப் பற்றியோ அவர் பேசவில்லை. லில்லி டீச்சர் முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினார். "அம்மா, தெரியாமப் பண்ணிட்டா. தாயில்லாப் பிள்ளை, சொல்லிக் குடுக்க ஆளில்லாம வளந்துட்டா. நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க."

"தப்பு யாருக்கும் வரும் அண்ணாச்சி. நான் ஒண்ணும் நினைக்கல" என்றாள் லில்லி டீச்சர். மருமகளை இழுத்து நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். சங்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஐயரம்மா, "இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள். வடையும் கேசரியும் வீணாகவில்லை.

மத்தியானம் இப்ராஹிம் பாய் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். கார்டு செத்துவிட்டது, டிஸ்க் இரண்டும் செத்துவிட்டன. வெள்ளம் வந்த ஆறு அதற்குள்ளேயே கரியாகிவிட்டது. "பழைய வயரு தங்கச்சி," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா நீ மாத்தி மாட்டுத ஆளில்லையே. என் கடைப் பயலுவளுக்கே நீதான சொல்லிக் குடுத்த" என்றார்.

"மாட்டுனது நான்தான் பாய்" என்றாள் கெசியா.

அதன் பிறகு எல்லாம் லில்லி டீச்சர் நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. தெரிந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லி மகனின் ராஜினாமாவைத் திரும்ப வாங்க வைத்தாள். எபி அந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தான். சங்கக் கூட்டத்தில், கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்லுகிற நேரத்தில் கெசியா தானாக எழுந்து நின்றாள். "எவ்வளவு பெரிய நஷ்டம் பண்ணியும் எங்க அத்தை என்னை ஒரு சொல் சொல்லல. ஆண்டவருடைய மன்னிப்பை நான் அவங்ககிட்டதான் பாத்தேன்" என்றாள். தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்த லில்லி டீச்சர் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டாள்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது. வாசல் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கேஸை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று மாமியாரைக் கேட்பாள். இரண்டு சேலையைத் தூக்கிப் பிடித்து எது நீலம் என்று கேட்காத குறைதான். லில்லி டீச்சருக்கு முதலில் இது சுகமாக இருந்தது. போகப்போகக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

காலாண்டுப் பரீட்சை லீவு சமயத்தில் ஒருநாள் காலையில் போன் வந்தது. கெசியா சமையல்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டாள். ஹைதராபாத் ஸ்டூடியோ. தமிழ்க்காரர் ஒருத்தர்தான் பேசினார். அவள் ஆரம்பத்தில் அனுப்பியிருந்த சின்னத் துண்டு ஒன்றைத் திரும்பப் பார்த்தார்களாம். தண்ணீரை இப்படிச் செய்கிற ஆள் தங்களிடம் இல்லையாம். பரீட்சை எல்லாம் வேண்டாம், நேரே வந்து சேரலாம், மெஷின் எல்லாம் ஆபீஸிலேயே இருக்கிறது, நீங்கள் ஒரு வயரைக்கூடத் தொட வேண்டாம் என்றார்.

லில்லி டீச்சர் அம்மியடியில் நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு செய்தும் வந்துவிட்டதே என்று நினைத்தாள். இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று மனசு அதற்குள் தேட ஆரம்பித்திருந்தது. தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"இல்ல சார்," என்றாள் கெசியா. குரலில் வருத்தம்கூட இல்லை. "நான் அதுக்கு லாயக்கில்ல. எனக்குக் கவனம் பத்தாது. உங்க வேலையையும் கெடுத்துருவேன்."

"என்னம்மா சொல்றீங்க? நாலு நாள் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு சார். வேற நல்ல ஆளாப் பாருங்க." புறங்கையால் போனை அணைத்தாள்.

லில்லி டீச்சர் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வாக்கியம், அவளுக்குத் தெரிந்த வாக்கியம், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தப் பெண் எழுந்து நிற்பாள். நிமிர்ந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

"கொழம்புல உப்பு போட்டியா?" என்றாள்.

கெசியா நெத்திலிச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கரண்டியில் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். அப்புறம் கரண்டியை மாமியாரிடம் நீட்டினாள்.

"எனக்குத் தெரியல அத்தை. நீங்க பாத்துச் சொல்லுங்க."